ஜேமிக்கு நான் வக்கீல் இல்லை

ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டத்தில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் செய்தி போயிருக்கும். "ஏழு வயதுப் பிள்ளையை ஜன்னலிலிருந்து தள்ளியவனுக்கு வக்காலத்தா? உங்கள் வீட்டில் நடந்திருந்தால்?" என்றார் நண்பர். கைதட்டல் வேறு.

நான் சொன்னது ஒன்றுதான். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் வரும் ஜேமி லானிஸ்டரை எனக்குப் புரிகிறது என்றேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. புரிவது வேறு, மன்னிப்பது வேறு.

'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலில் ஜேமி தள்ளிச் சிறுவன் பிரான் விழுந்த இடத்தில் புத்தகத்தை மூடியவள், இரண்டு நாள் தொடவில்லை. இவன் எப்போது சாவான் என்றுதான் அடுத்த பாகத்தைப் படித்தேன். 2000-இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் மார்ட்டின் முதன்முறையாக ஜேமியின் கண் வழியாகக் கதை சொல்கிறார். வாள் பிடித்த வலது கை போய், ஹாரன்ஹால் கோட்டையின் குளியல்தொட்டியில் காய்ச்சலோடு கிடக்கிறான். எதிரே பிரியென் என்ற வீராங்கனை. அரசனைக் கொன்றவன் என்று ஊரே காறித் துப்பும் அந்தக் கொலையை ஏன் செய்தான் என்று அவளிடம் சொல்கிறான். தலைநகரை மக்களோடு சேர்த்துக் கொளுத்த உத்தரவிட்டிருந்தான் அந்த அரசன் ஏரிஸ். மெய்க்காவலனான இவனுக்கு அப்போது வயது 17. படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அடைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தால் சொல்லுங்கள்.

எழுத்தாளர் மயக்கிவிட்டார் என்பீர்கள். இருக்கட்டும். கோட்டையை ஒப்படைக்காவிட்டால், பிறக்கப்போகும் உன் குழந்தையைக் கவண்பொறியில் வைத்து எறிவேன் என்று நான்காம் பாகத்தில் எதிரணிப் பிரபு எட்மூரை மிரட்டுகிறவனும் இதே ஜேமிதான். அங்கே எனக்கு வயிறு கலங்கியது. நண்பருக்குக் கலங்கியிருக்காது. அவர் தொலைக்காட்சித் தொடர் பார்த்தவர்.

கர்ணனுக்காக அழும்போது, சபையில் பாஞ்சாலியை அவன் பேசிய பேச்சு ஒருவருக்கும் நினைவு வருவதில்லை. எனக்கு மட்டும் விசாரணை!

எங்கள் வீட்டிலும் நடந்தது, ஐயா. பெரிய மாமா வெற்றுத்தாளில் பாட்டியின் கைநாட்டை வாங்கி மனையை விற்றார். பத்து வருடம் கழித்து அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, மருத்துவமனை வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் பதினோரு இரவு படுத்துக் கிடந்தவரும் அவர்தான். விடிந்ததும் தூக்குவாளியில் கஞ்சி வரும். அம்மா அவரிடம் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சியை ஒரு மிடறு மிச்சம் வைக்காமல் குடித்தார். அம்மாவும் வக்காலத்து வாங்கினாரா? கைதட்டியவர்கள் சொல்லட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு நான் வருவதாக இல்லை. நண்பர் இரவல் வாங்கிய என் மூன்றாம் பாகம் ஒன்றரை வருடமாக அவர் வீட்டில் இருக்கிறது. குளியல்தொட்டி வரும் பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தேன். நிச்சயம் அசையாமல் அங்கேயேதான் இருக்கும்.