கடன் கேட்டால் வீட்டுப் பத்திரம்

தங்கைக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்த சந்தோஷம் மூன்று நாள்கூட நிற்கவில்லை. கல்விக்கடனுக்கு 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது; அதற்கென்றே அரசு உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. வங்கிக் கிளையிலோ முதல் கேள்வியே "வீட்டுப் பத்திரம் இருக்கா?" என்பதுதான். கல்விக்கடனுக்கான அரசு இணையதளமான வித்யாலட்சுமியில் விண்ணப்பித்துவிட்டோம் என்றால், "சரி, நேர்ல வாங்க" என்கிறார்கள். போனால் மேனேஜர் லீவு.

அப்புறம் வருமானச் சான்றிதழ். அதில் அப்பாவுக்கு ஒரு இனிஷியல், ஆதாரில் இரண்டு. மறுபடி இ-சேவை மையம், மறுபடி விஏஓ ஒப்புதலுக்குக் காத்திருப்பு. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

நேற்று அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போகாமல், மஞ்சள் பையில் ஜெராக்ஸ் கட்டோடு வங்கி பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் கூலி போச்சு. இனாமாகவா கேட்கிறோம்? வட்டியோடு திருப்பித் தரப்போகிற கடன்தானே!