ஒராக்காந்தியில் யார் யாரைப் பயன்படுத்திக்கொண்டார்கள்?

வங்காளக் கிராமங்களில் கிறித்தவ மிஷனரிகள் செய்த பணியைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டே குரல்கள்தான் கேட்கின்றன. அரிசியையும் மருந்தையும் காட்டி ஏழைகளை மதம் மாற்றினார்கள் என்பது ஒன்று. இருளில் கிடந்தவர்களுக்குப் பாதிரிமார்தான் கண் திறந்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. அந்தக் கிராமத்து மனிதருக்குத் தனக்கு எது வேண்டும் என்று தீர்மானிக்கத் தெரியும் என்பதை இரண்டு தரப்புமே ஒப்புக்கொள்வதில்லை. என் மறுப்பு அதன்மேல்தான். ஒராக்காந்தி என்ற வங்காளக் கிராமத்தில் நடந்ததைத்தான் அதற்குச் சான்றாகச் சொல்லப்போகிறேன், அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

1793 நவம்பரில் கல்கத்தாவில் வந்திறங்கிய ஆங்கிலேய பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி, பிழைப்புக்காக மால்டா பகுதியில் மத்னாபதி என்னும் ஊரில் ஓர் அவுரிச் சாயத் தொழிற்சாலையை நிர்வகித்தார். அங்கிருந்தபடியே வங்க மொழியைக் கற்றார், சுற்றுவட்டாரத்தில் பிரசங்கித்தார். ஆனால் அந்த ஆண்டுகளில் ஒரு வங்காளிகூட அவரிடம் ஞானஸ்நானம் பெறவில்லை. கம்பெனி அரசு மிஷனரிகளை விரும்பாத காரணத்தால் 1800 ஜனவரியில் அவர் கல்கத்தாவுக்கு அருகே டென்மார்க் வசமிருந்த செராம்பூருக்கு இடம்பெயர்ந்தார். (நம் தரங்கம்பாடியும் அதே டென்மார்க்கின் வசம்தான் இருந்தது, 1845இல் இரண்டு ஊர்களையும் சேர்த்தே ஆங்கிலேயருக்கு விற்றார்கள்.) அந்த ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் ஹூக்ளி ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ண பால் ஒரு தச்சர். நழுவிய அவருடைய தோள்மூட்டை கேரியின் சக மிஷனரியான மருத்துவர் ஜான் தாமஸ் சரிசெய்ததை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முன்பே அவர், சாதி வேற்றுமையைத் தம் கூட்டங்களில் ஒதுக்கி வைத்த கர்த்தாபஜா என்னும் வழிபாட்டு மரபைப் பின்பற்றியவர் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. தோள்மூட்டு நழுவுவதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிய தேடல் அது.

1838ஐ ஒட்டி நதியா மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபையை நாடியபோதும் முன்னின்றவர்கள் கர்த்தாபஜா மரபினரே. அடுத்து வந்த வெள்ளத்தில் நெற்பயிர் அழிந்து, மிஷன் நிவாரணம் கொடுத்ததும் உண்மை, அதனால் பலர் சேர்ந்ததும் உண்மை. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. பசித்தவன் சோறு கிடைக்கும் இடத்தைத் தேடிப் போவதில் என்ன இழிவு இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

அதே நதியாவில் அவுரித் தோட்ட முதலாளிகள் முன்பணம் என்ற பெயரில் குடியானவர்களைக் கடனில் கட்டிப்போட்டு, நெல் விளையும் நல்ல நிலத்தில் அவுரி விதைக்க வைத்தார்கள். 1859இல் குடியானவர்கள் விதைக்க மாட்டோம் என்று எழுந்தார்கள். எழுந்தது அவர்கள், அங்கிருந்த ஜெர்மானியப் பாதிரிமார் சிலர் 1860ஆம் ஆண்டு அரசின் அவுரி விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னது அதற்குப் பிறகு. அவுரிக் குடியானவர்களின் துயரைச் சொல்லும் தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861இல் ஜேம்ஸ் லாங் பாதிரியாருக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அபராதத்தைக் கட்டியவர் காளிபிரசன்ன சிங்ஹா என்ற இந்துச் செல்வந்தர். கேரி அவுரித் தொழிற்சாலை நடத்தியதையும் லாங் அவுரிக் குடியானவருக்காகச் சிறை சென்றதையும் ஒரே சொல்லில் அடக்கி 'மிஷனரிகள்' என்று புகழ்வதோ தூற்றுவதோ எப்படிச் சரியாகும்?

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இன்றைய வங்கதேசத்தின் கோபால்கஞ்ச் மாவட்டத்தில் இருக்கும் ஒராக்காந்தியைப் பற்றி. அரசுப் பதிவேடுகளில் 'சண்டாளர்' என்று இழிவாகக் குறிக்கப்பட்ட நாமசூத்திரர்களின் ஊர் அது. 1872-73இலேயே அந்தப் பகுதியின் நாமசூத்திரர்கள் தங்களை இழிவுபடுத்திய மேல்சாதியாருக்கு வேலை செய்வதில்லை என்று திரண்டு மறுத்தவர்கள். ஹரிசந்த் தாக்குர் அம்மக்களிடையே தொடங்கிய மதுவா என்னும் சமய இயக்கத்தை அவருடைய மகன் குருசந்த் தாக்குர் நடத்திவந்தார். தம் மக்களுக்குக் கல்வி வேண்டும் என்பதில் அவர் அசையாமல் நின்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சி. எஸ். மீட் அங்கே வந்தபோது, குருசந்த் அவரை வரவேற்று மிஷனுக்கு நிலமும் கொடுத்தார். உயர்நிலைப் பள்ளி வந்தது, மருத்துவ உதவி வந்தது. அரசு அலுவலர்களின் கதவைத் தட்டுவதற்கு ஒரு வெள்ளைக்காரரின் துணையும் கிடைத்தது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'சண்டாளர்' என்ற பெயர் நீங்கி 'நாமசூத்திரர்' என்று பதிவானதில் மீட்டின் முயற்சிக்கும் பங்குண்டு.

மீட்டின் எதிர்பார்ப்பு வேறாக இருந்தது. தலைவர் மனம் மாறினால் சமூகமே சபைக்குள் வரும் என்று நம்பித்தான் அவர் உழைத்தார். குருசந்த் மாறவில்லை, அவரைப் பின்பற்றிய பெருந்திரளும் மதுவாக்களாகவே இருந்தார்கள். இதைக் குருசந்தின் தந்திரம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரும் தத்தம் நோக்கத்தை மனத்தில் வைத்தே கைகோத்தார்கள், ஒருவர் மற்றவரின் நோக்கத்தை அறியாதவரும் அல்லர். நினைத்தது நடக்காதபோதும் மீட் பள்ளியை இழுத்து மூடிவிட்டுப் போகவில்லை என்பதற்காகவே நான் அவரை மதிக்கிறேன். ஞானஸ்நானக் கணக்கை மட்டும் பார்த்தால் ஒராக்காந்தியில் மீட் ஏறக்குறையத் தோற்றவர்தான். மதுவாக்கள் மட்டும் தங்கள் வரலாற்றைச் சொல்லும்போது இன்றும் அவர் பெயரைச் சேர்த்தே சொல்கிறார்கள்.