அறுக்கிறவருக்குப் பாட்டு, அறுபடுகிறவருக்குக் கிண்டலா?

நேற்று இணையத்தில் நடந்த சண்டையைப் பார்த்தவர்களுக்கு மறுபடி விளக்க வேண்டியதில்லை. பயாப்ஸிக்கு, அதாவது பரிசோதனைக்காக உடம்பிலிருந்து சதைத் துணுக்கு எடுப்பதற்கு, பயந்த ஒரு பெண் ஹெட்போனில் பாட்டு கேட்கலாமா என்று கேட்டார். "கச்சேரிக்கா வர்றீங்க?" என்று ஒரு மருத்துவர் பதில் போட, கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. சரி, நல்ல நகைச்சுவை.

அந்தப் பெண் மரத்துப்போகும் ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசியோடு பாட்டும் இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

2015இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 73 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அறுவை சிகிச்சையை ஒட்டிப் பாட்டு கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. முழு மயக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடப் பலன் இருந்தது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறையவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வருவீர்கள்.

எனக்கு முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் நடந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, காது மரக்கவில்லையே! தட்டில் கத்தரி விழுகிற சத்தம், ரத்தத்தை உறிஞ்சுகிற சத்தம், யாருக்கோ லீவு கிடைக்காத கதை, எல்லாம் கேட்டது. கூடவே டாக்டருக்குப் பிடித்த பாட்டும் ஓடியது. எனக்குப் பிடித்ததை வைக்க முடியுமா என்று கேட்டேன். "பேசாம படுங்க" என்றார்கள். ஆபரேஷன் தியேட்டர் டென்ஷன் பற்றி எனக்குப் பாடம் எடுக்கும் டாக்டர்களே, டென்ஷனுக்குப் பாட்டு உதவும் என்று உங்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

"ஹெட்போன் போட்டவரிடம் எப்படிப் பேசுவது?" இது நியாயமான கேள்வி. நரம்பை மரக்கவைக்கும் ஊசிக்கு முன் பதற்றத்தைத் தணிக்கும் மிடசோலம் என்ற மருந்து கொடுக்கப்பட்டவர்களையும் பாட்டு கேட்டவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு உண்டு. இரண்டு தரப்புக்கும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது, ஆனால் பாட்டு ஓடும்போது பேசுவது சிரமம் என்று நோயாளிகளும் மருத்துவர்களும் சொன்னார்கள். அப்படியானால் சத்தத்தைக் குறைக்கலாம், ஒரு காதில் மட்டும் மாட்டலாம். கிண்டல் எதற்கு?

"பாட்டு என்ன மருந்தா?" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. மருந்தோடு என்று எத்தனை முறைதான் எழுதுவது?

உடனே நான் மருத்துவர்களை வெறுப்பவன் என்று திரிக்காதீர்கள். என்னை எழுந்து நடக்கவைத்தவர்களும் அவர்கள்தான். "காப்பாற்றியவரையே குறை சொல்கிறாயே" என்று இன்பாக்ஸில் ஒருவர். காப்பாற்றிவிட்டால் அப்புறம் நான் வாயே திறக்கக் கூடாதா? பயந்தால் "குழந்தையா நீங்க" என்கிறீர்கள். பயத்தைக் குறைக்க வழி கேட்டால் சிரிக்கிறீர்கள். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கும்போது மட்டும் நான் விவரம் தெரிந்த பெரிய மனுஷன், மேசையில் ஏறிப் படுத்ததும் வெறும் உடம்பா?