சுண்ணாம்புச் சுவரில் இமல்ஷன் பூசுகிறவர்கள் கவனத்துக்கு

பழைய ஓவியங்களைப் பாதுகாக்கப் படிக்கிறவர்கள் முதலில் தோல் பசை காய்ச்சி, சுண்ணத்தூள் கலந்து பலகையில் பூசி, முட்டை மஞ்சள் கருவில் வர்ணம் குழைத்துத் தாங்களே வரைந்து பழக வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது முழுக்கச் சரி. அந்தப் பசை ஈரம் பட்டால் ஊதும், மேலிருக்கிற வர்ணமும் கழன்றுவிடும். கையால் பூசினவருக்கு இது மறக்காது.

சுவரிலும் ஈரத்தால் வருகிற தொல்லை இருக்கிறது. எங்கள் திருகோணமலைப் பக்கம் கும்பாபிஷேகம் வந்தால் போதும், கோயிலின் பழைய சுண்ணாம்புச் சாந்துக்கு மேல் இமல்ஷன் என்கிற பிளாஸ்டிக் பெயின்றை அப்பிவிடுகிறார்கள் (பார்க்கப் பளபள என்றுதான் இருக்கும்). உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல், கடற்காற்று உப்பும் சேர்ந்து பூத்து, கொஞ்சக் காலத்தில் பெயின்ற் சாந்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. சுண்ணாம்பு நீற்றி ஊறப்போடத் தெரிந்த வயதான மேசன்மார் இன்னும் இருக்கிறார்கள். படிக்கிற பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பினால் என்ன?