படி அளவைப் பாதியாக்கிப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டில் வார இறுதிகளில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலருக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் தோட்டத்துக் குடும்பங்கள். இப்போது எல்லாருமே சாட்ஜிபிடியிடமோ கோபைலட்டிடமோ கேட்டுத்தான் பைத்தான் நிரல் எழுதுகிறார்கள். நான் தடுப்பதில்லை. நடுராத்திரியில் ஒரு பிழைச் செய்தியை விளக்கிச் சொல்ல இந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் ஆய்வுக்காக நிரல் எழுதுகிறவர்கள் எண்சார் முறைகளை, அதாவது சமன்பாட்டின் விடையை எண்களை வைத்துப் படிப்படியாகத் தோராயமாகக் கணக்கிடும் வழிகளை, ஒருமுறையாவது கையால் போட்டுப் படித்தாக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். “அதான் ஏஐ எழுதித் தருதே, இதெல்லாம் எதுக்கு சார்?” என்று பெற்றோரே கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

நிரலில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் கணினி நின்றுவிடும். எண்சார் பிழைக்கு நிற்காது. நிரல் ஓடும், வரைபடமும் வரும்.

ஓர் அளவு, எந்த நொடியிலும் தன் மதிப்பின் 50 மடங்கு வீதத்தில் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்க மதிப்பு 1. உண்மை விடை சட்டென்று பூஜ்யத்தை நெருங்கிவிடும். இப்போதைய வீதத்தை வைத்து அடுத்த மதிப்பைச் சிறு சிறு படிகளாகக் கணக்கிடுவதுதான் ஆய்லர் முறை. ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரம் நகர்கிறோம் என்பதே படி அளவு. அதை 0.1 நொடி என்று வைத்துப் போட்டால் 1, −4, 16, −64 என்று வெடித்துக்கொண்டு போகும். இது பரவாயில்லை, பார்த்தவுடன் தப்பு என்று தெரியும். 0.01 வைத்தால் கோடு அழகாக இறங்கும். ஆனால் முதல் படியில் 0.607 வரவேண்டிய இடத்தில் 0.5 இருக்கும். எனக்குப் பயம் இந்த அழகான கோட்டின் மேல்தான். அதை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடலாம். யாருக்கும் சந்தேகம் வராது.

செம்பனை ஆலைக் கழிவுநீரை ஆராய்கிற பிள்ளைக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. வேகமான வினையும் மெதுவான வினையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் வரும். பைத்தானின் அறிவியல் கணக்கு நூலகமான சைப்பையில் solve_ivp என்ற கட்டளைக்கு முறையைக் குறிப்பிடாமல் விட்டால் அது ஆர்கே45 என்ற பொதுவான முறையை எடுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட தொகுதிக்கு அதே நூலகத்தில் உள்ள பிடிஎஃப் அல்லது ராடாவ் என்ற முறைகள்தான் பொருத்தம். ஏஐ சில நேரம் சரியாகத் தேர்ந்தெடுக்கும், சில நேரம் இல்லை. எது என்று கண்டுபிடிக்க வேண்டியது ஆய்வாளர்.

சின்னப் பிழைதானே என்பவர்களுக்கு: 1991 பிப்ரவரி 25, சவூதியின் தாஹ்ரான். பேட்ரியட் ஏவுகணைத் தற்காப்புக் கணினியில், நேரத்தைக் கணக்கிடப் பயன்பட்ட 0.1 என்ற எண் 24 பிட்டில் (இரும இலக்கங்களில்) வெட்டப்பட்டிருந்தது. 100 மணி நேரம் ஓடியதில் கடிகாரம் 0.34 நொடி பிசகியது. எதிரி ஏவுகணையைத் தடுக்க முடியவில்லை. 28 வீரர்கள் இறந்தார்கள்.

ஆகவே ஏஐயிடம் நிரலை மட்டும் கேட்காதீர்கள், சோதனையையும் கேளுங்கள். விடை தெரிந்த ஒரு கணக்கில் முதலில் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு படி அளவைப் பாதியாக்குங்கள். படி போதிய அளவு சிறியதாக இருந்தால், ஆய்லர் முறையில் பிழை ஏறக்குறைய பாதியாகும், அதைவிடத் துல்லியமான நான்காம் வரிசை ரங்கே-குட்டா முறையில் பதினாறில் ஒரு பங்காகும். அப்படிக் குறையவில்லை என்றால் நிரலில் எங்கோ கோளாறு. இந்த வேலையில் ஏஐ உண்மையிலேயே நல்ல துணை.

அடுத்த விடுமுறையில் இதற்கென்றே ஒரு வகுப்பு தொடங்குகிறேன். கட்டணம் கிடையாது. முதல் வாரத்துக்கு மடிக்கணினி வேண்டாம். கால்குலேட்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தனுப்புங்கள்.