தறியை எங்கே வைப்பது என்றுதான் கேட்டேன்

நான் பாதியில் எழுந்து போன அந்த வீட்டுத் திட்டக் கூட்டத்தைப் பற்றி இரண்டு நாளாக ஆளுக்கொரு விதமாக எழுதுகிறீர்கள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நெசவாளர்களுக்கு வெள்ளம் தாங்கும் வீடு என்று ஒரு வரைபடம் காட்டினார்கள். படுக்கையறை, சமையலறை, மாடிப்படி எல்லாம் இருந்தது. தறி இல்லை. "தறியை எங்கே வைப்பது?" என்று கேட்டேன். "தண்ணி வந்தா மேல தூக்கி வச்சுக்கலாமே" என்றார் வரைந்தவர். சிலர் சிரித்தார்கள்.

குழித்தறியைத் தூக்க முடியாது ஐயா. அது தரையோடு சேர்ந்தது. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கிறார். மண்ணின் ஈரப்பதத்தில்தான் இழை அறாமல் ஓடுகிறது. எங்கள் வீட்டில் தறிக்குப் போக மிச்சம் இருந்த இடத்தில்தான் நாங்கள் படுத்தோம்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு ராத்திரி. வாசல்படியைத் தண்ணீர் தொடுவதற்கு முன்பே குழியின் மூலையில் குமிழி விட ஆரம்பித்துவிட்டது. கீழிருந்து ஊறுகிறது. அப்பா, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலான பாவைத் தளர்த்திச் சுருட்டி, அதன் இழைகள் கோத்த அச்சையும் விழுதையும் சேர்த்துக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டார். இடுப்பளவு குழிக்குள் நின்று அம்மா தாங்கிப் பிடித்தாள். பாதிப் பாவு நனைந்துவிட்டது. வெள்ளம் மூன்றே நாளில் வடிந்தது. குழி காய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை கூலி இல்லை. அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், தறியை எங்கே வைப்பது?

அவர்கள் போட்ட கணக்கையே பாருங்கள். வெள்ளம் 2 அடி வந்ததாம், அடித்தளத்தை 3 அடி உயர்த்தினால் போதுமாம். குழி 2½ அடி ஆழம் என்றால் அதன் அடிப்பகுதி தெருவிலிருந்து அரை அடி உயரத்தில்தான் இருக்கும், வெள்ள மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே. வெள்ள உயரத்தோடு குழியின் ஆழத்தையும் கூட்டித்தான் மேடு போட வேண்டும். குழிக்குள் நீர் புகாத பூச்சு, பாவைத் தொங்கவிட உறுதியான உத்தரம், நூல் வைக்க ஒரு பரண், இவ்வளவுதான் கேட்கிறோம்.

குழி இல்லாமல் தரைக்கு மேல் சட்டத்தில் நிற்கும் சட்டத்தறிக்கு மாறலாமே என்கிறார்கள். சரி, மாறுகிறவர்கள் மாறட்டும். ஆனால் கை பழகிய தறியை விடச் சொல்வதற்கு முன்னால் நெய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? பொதுக்கூடம் கட்டி எல்லாத் தறியையும் அங்கே போடலாம் என்கிறார் இன்னொருவர். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். உலையை வைத்துவிட்டு வந்து நாலு விரல் நெய்து, பிள்ளையைத் தூங்கவைத்து மறுபடி தறிக்கு வருகிறவளுக்கு அந்தக் கூடம் எதற்கு? செலவு என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தின் சேந்தமங்கலத்தில் தறிகள் சேற்றில் மூழ்கின. ஓணத்துக்கு நெய்த துணியெல்லாம் பாழ். அந்தத் துணியில் சேக்குட்டி பொம்மை செய்து விற்றுக் கைகொடுத்தார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் பொம்மையை எல்லோருக்கும் தெரிந்த அளவுக்கு, சேறு நிறைந்த அந்தத் தறிகளை யாருக்குத் தெரியும்? அஸ்ஸாமில் ஆற்றங்கரைப் பழங்குடிகளான மிசிங் மக்கள் கால் நட்டு உயர்த்திக் கட்டும் வீட்டின் அடியில் பெண்கள் தறி போட்டு நெய்கிறார்கள். தண்ணீரும் தெரிந்து தறியும் தெரிந்தவர்கள் கட்டிய வீடு அது.

நெசவாளர் பிள்ளை என்பதால் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், படுகிறேன். ஏன் பாதியில் எழுந்து போனாய் என்றும் கேட்கிறீர்கள். சிரித்தவர்களில் ஒருவர் தோளில் கைத்தறித் துண்டு கிடந்தது. அதன் கரையைப் பார்த்தேன். அப்பா நெய்கிற கரை. அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.