ஒன்பது வாரத்தில் கையில் மிஞ்சுவது எத்தனை நாள்?

தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்திலிருந்து கேரளத்து இடுக்கி மலைக்கு, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மூன்று வழியாகவும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் மலையேறுகின்றன. உள்ளே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை பக்கம் களையெடுத்து, காய் பறித்து, பொழுது சாயும்போது கம்பத்துக்கும் போடிக்கும் கோம்பைக்கும் இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நாள் தள்ளிப்போய், இந்தக் கரு வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன். அவர் முடிவு சரியா தப்பா என்ற பஞ்சாயத்துக்கு இந்தப் பதிவில் இடமில்லை.

முதலில் நாள் கணக்கு. இதில்தான் பாதிப் பெண்கள் தோற்கிறார்கள். மருத்துவர்கள் வாரத்தை எண்ணுவது கரு உண்டான நாளிலிருந்து இல்லை. கடைசியாகத் தீட்டு வந்ததே, அதன் முதல் நாளிலிருந்து. 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறவருக்கு, தீட்டு வராத அன்றைக்கே நாலு வாரம் ஏறிவிட்டது. மாத்திரையால் கலைப்பதற்கு விதி வைத்திருக்கும் எல்லை ஒன்பது வாரம், அதாவது 63 நாள். 63-ல் 28 போனால் 35. அவ்வளவுதான் கையில்.

இந்த 35 நாளும் எங்கே போகிறது என்று பாருங்கள். "உடம்புல ரத்தம் கம்மி, அதான் தள்ளுது" என்று பத்து நாள் போகும். 28-உடன் சேர்த்து 38. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் "நாள் வர்றதுக்கு" ஒரு மாத்திரை கொடுப்பார்கள். பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன் வகை ஹார்மோன். அஞ்சு நாள் போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். 50. அந்த மாத்திரைக்குக் கருவைக் கலைக்கிற வேலையே கிடையாது. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்குத்தான் அதை நிறுத்தியதும் தீட்டு வரும். அதன் பிறகு சிறுநீர் சோதனை, ரெண்டு கோடு. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஜீப்பில் அவர் இடத்துக்கு வேறு ஆள் ஏறிவிடுவார். ஞாயிறு தோட்டத்துக்கு லீவு, அன்றைக்கு ஓ.பி.யும் பெரும்பாலும் லீவு. எப்படியோ ஒரு நாள் போகிறார், 54. ஸ்கேனுக்கு இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள், 58. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடும்மா." வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அவர் வந்து சேரும்போது 63 தாண்டிவிட்டது.

இதில் யாரும் அவரை அடித்து விரட்டவில்லை. எல்லோரும் ஆளுக்கு நாலு நாள் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கடைசிக் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம் 18 வயது நிரம்பிய பெண்ணிடம் கேட்பது ஒரே ஒரு கையெழுத்து. அது அவருடையது. படிவம் சி என்று ஒரு தாள். அதில் கணவருக்கு இடமே இல்லை. மாமியாருக்கும் இல்லை, அண்ணனுக்கும் இல்லை. 18 வயது நிரம்பாதவர் என்றாலோ, மனநலப் பாதிப்பு இருந்தாலோ மட்டும்தான் பாதுகாவலர் கையெழுத்து. 2022 செப்டம்பரில், கணவரைப் பிரிந்துவந்து விவாகரத்து ஆகாமல் இருந்த ஒரு பெண்ணின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றமும் கணவர் சம்மதம் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அதே மாதம் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கல்யாணம் ஆனவர் ஆகாதவர் என்று பிரித்துப் பார்க்கக் கூடாது என்றது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் போடுவதையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது. ஆனாலும் மலையடிவாரத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்றைக்கும் கணவரைத்தான் கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. நாளைக்கு அந்த ஆள் வந்து தகராறு செய்வானே என்ற பயம். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது அந்தப் பெண்ணின் உடம்பு.

"குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்க ஒத்துக்கிட்டாத்தான்", "காப்பர்-டி போட்டுக்கிட்டாத்தான்" என்பதும் சட்டத்தில் இல்லை. கருத்தடை பற்றிச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும், நிபந்தனையாக்கக் கூடாது. "நீ தமிழ்நாடு, கீழ போய்ப் பாரு" என்று மேலேயும், "மேலதானே வேலை பாக்குறே, கட்டப்பனைக்குப் போ" என்று கீழேயும் சொல்வது இன்னும் அநியாயம். இது மத்தியச் சட்டம். கம்பத்து ரேஷன் கார்டு வைத்திருப்பவர் பீர்மேடு தாலுகா ஆஸ்பத்திரியில் கேட்கலாம், மேலே தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர் கம்பம் அரசு மருத்துவமனையில் கேட்கலாம்.

தமிழ்நாட்டுப் பக்கம் இன்னொரு தயக்கமும் உண்டு. செவிலியரம்மாவிடம் போனால் கர்ப்பிணிகளைப் பதிவு செய்கிற பிக்மி எண் போட்டுவிடுவார்கள், அப்புறம் "கரு என்னாச்சு" என்று வீடு தேடி வந்து, தெருவே கேட்கிற மாதிரி விசாரிப்பார்கள் என்ற பயம். சட்டப்படி கருக்கலைப்புப் பதிவேடு ரகசியம். பெயரை வெளியே சொல்கிற மருத்துவருக்கு ஒரு வருடம் வரை சிறை உண்டு. கிராம சுகாதார செவிலியர்கள் இதை அவர்களாகவே பெண்களிடம் சொன்னால் பாதிப் பேர் தைரியமாக வருவார்கள்.

63 நாள் தாண்டியதும் "இனிமே சட்டப்படி முடியாது" என்று பல பெண்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தப்பு. முடிந்துபோனது மாத்திரை வழி மட்டும். 20 வாரம் வரை ஒரே ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருத்தடை முறை பலிக்காமல் போனது என்பதே ஏற்கப்பட்ட காரணம். 2021 செப்டம்பர் 24-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 'எந்தப் பெண்ணோ அவருடைய துணையோ' என்றே சொல்கிறது, 'கணவர்' என்று இல்லை. 20-லிருந்து 24 வாரம் வரை ரெண்டு மருத்துவர்கள்: பாலியல் வன்முறைக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கர்ப்பத்தின் நடுவில் விதவையானவர் அல்லது மணவிலக்கு பெற்றவர், மாற்றுத்திறனாளி போன்றவர்களுக்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் வாரக் கணக்கே கிடையாது.

மாத்திரைக்கு அடுத்த வழி, 12 வாரம் வரை, எம்.வி.ஏ. கையால் இயக்குகிற 60 மில்லி பெரிய சிரிஞ்சு, நுனியில் வளைந்து கொடுக்கிற பிளாஸ்டிக் குழாய். மின்சாரம்கூட வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டால் சில நிமிடத்தில் முடிந்து அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இதை மகப்பேறு நிபுணர்தான் செய்ய வேண்டும் என்றில்லை, பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். மருத்துவரும் செய்யலாம். ஆனால் "கழுவி விடுறது" என்று நம் ஊரில் சொல்வது இன்னும் பல இடங்களில் கூர் கரண்டியால் சுரண்டுகிற பழைய டி அண்ட் சி-யைத்தான். அதைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறது. சுரண்டினால் கர்ப்பப்பைச் சுவரில் தழும்பு விழலாம், ஓட்டை விழவும் வாய்ப்பு அதிகம். எந்த முறையில் செய்யப் போகிறீர்கள் என்று கேட்க ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமை உண்டு.

இந்த வழிகள் எல்லாம் அடைத்துக்கொள்ளும்போது கடை வாசல்தான் மிச்சம். 2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1 கோடியே 56 லட்சம் என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தகவல் திரட்டியது அது. நூற்றுக்கு 73 மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. மருத்துவமனையில் நடந்தது 22 மட்டுமே. மிச்சம் 5, குச்சியும் கஷாயமும் கைவைத்தியமும்.

மாத்திரை கெட்டதில்லை. சரியான வாரத்தில், சரியான பெண்ணுக்கு, சரியான இடைவெளியில் கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் முழுதாகக் கலைந்துவிடும். ஒரு கிட்டில் அஞ்சு மாத்திரை: ஒன்று 200 மில்லிகிராம் மிஃபிப்ரிஸ்டோன், நாலு 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால். முதல் மாத்திரை கருவைத் தாங்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தடுக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்துத் தருகிற நாலும் கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து வெளியே தள்ளும். 15-ஆம் நாள் திரும்ப வந்து முழுதாகக் கலைந்ததா என்று பார்க்க வேண்டும்.

கடையில் என்ன கிடைக்கிறது? தமிழ்நாட்டில் மருந்து ஆய்வாளருக்குப் பயந்து பல கடைகள் அந்தக் கிட்டையே வைப்பதில்லை. வைத்திருப்பவர் ஒளித்துக் கொடுக்கிறார், சொன்ன விலைக்கு. அட்டைப்பெட்டி இல்லை, உள்ளே இருக்க வேண்டிய தாள் இல்லை. கத்தரியால் வெட்டின அலுமினியத் துண்டு. காலாவதித் தேதி வெட்டுப்பட்ட மறுபாதியில் போய்விட்டிருக்கும். மிசோப்ரோஸ்டாலுக்கு ஈரம் ஆகாது. அலுமினிய உறை பிரிந்தால் காற்றில் உள்ள ஈரத்திலேயே வீரியம் இறங்கும். இடுக்கி மழையில், இடுப்பு முடிச்சில் ஒரு வாரம் கிடந்த மாத்திரை பாதி வேலைதான் செய்யும். பாதி வேலை என்றால் பாதிக் கரு உள்ளேயே தங்கிவிடும்.

சாப்பிடுவதிலும் தப்பு நடக்கிறது. காய்ச்சல் மாத்திரை மாதிரி காலை ஒன்று இரவு ஒன்று என்று பிரித்துப் போடுகிறார்கள், இல்லை அஞ்சையும் ஒரே வாயில் போடுகிறார்கள். ரத்தம் பட்டதும் "கலைஞ்சிருச்சு" என்று மறுநாள் ஜீப் ஏறிவிடுகிறார்கள். ரத்தம் வந்ததால் மட்டும் கலைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. சிறுநீர் சோதனையும் உடனே உதவாது, கலைந்த பிறகும் நாலு வாரம் வரை ரெண்டு கோடு காட்டும்.

எல்லாவற்றையும்விடப் பயங்கரம் குழாயில் தங்கிய கரு. நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ கர்ப்பப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே வளரும். மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. ஆனால் கர்ப்பப்பையின் உள்வரி உதிர்ந்து கொஞ்சம் ரத்தம் வரும், அவரும் வேலை முடிந்தது என்று நம்பிவிடுவார். சில நாளில் குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு பக்க அடிவயிற்றில் குத்தல், தோள்பட்டை நுனியில் வலி, கண் இருட்டல். தோளில் வலி என்றதும் கூடை சுமந்த வலி என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்கிறார்கள். அந்தத் தோள் வலி, வயிற்றுக்குள் தேங்கிய ரத்தம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. படுக்க வைக்கிற நேரம் இல்லை அது, 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம். அதனால்தான் மாத்திரைக்கு முன்னால் ஸ்கேன் வேண்டும் என்கிறோம். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ரத்தசோகையும் அப்படித்தான். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருக்கிற பெண் சாதாரண ரத்தப்போக்கையே தாங்க மாட்டார். காப்பர்-டி உள்ளே இருக்கும்போது கரு தங்கியவர், ஆஸ்துமாவுக்கு நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளி, இவர்கள் யாரும் கடை மாத்திரையைத் தொடக் கூடாது. நெகட்டிவ் ரத்த வகை என்றால் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

மாத்திரை போட்டாகிவிட்டது என்றால் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நாப்கின் ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு வீதம் தொடர்ந்து ரெண்டு மணி நேரம் நனைந்தால் கிளம்பிவிட வேண்டும். துணி வைப்பவர் என்றால், மடித்த துணி அரை மணிக்கு ஒன்று முழுதாக ஊறுவது அந்த அளவு. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் ஒரு நாள் தாண்டியும் நின்றால், நாற்றமடிக்கும் வெள்ளைப்போக்கு இருந்தால், மயக்கம் வந்தால், கிளம்பிவிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவில் மெட்டு இறங்க ஜீப் தேடுவதற்கே ஒரு மணி நேரம் ஆகும்.

கருவைக் கலைக்க உள்ளே செருகுகிற குச்சி விஷயத்தில் எனக்குக் கோபமும் துக்கமும் சேர்ந்தே வருகிறது. எருக்கங்குச்சியைப் பாட்டி காலத்து வைத்தியம் என்கிறார்கள். பாட்டி காலத்தில் எத்தனை பேர் அதனால் செத்தார்கள் என்று எந்தப் பாட்டியும் சொல்வதில்லை. எருக்கம்பால் சதையை அரிக்கும். குச்சி கர்ப்பப்பையைக் குத்திக்கொண்டு குடலுக்குள் போகும். மண்ணிலிருந்து வந்த பொருள் என்பதால் டெட்டனஸ் என்கிற ரணஜன்னிக் கிருமி உள்ளே ஏறும். சீழ் ரத்தத்தில் கலந்தால் சிறுநீரகமே நின்றுவிடலாம். பிழைத்தவருக்கும் குழாய் அடைத்துப்போய், பிறகு வேண்டும் என்கிறபோது கரு தங்காது. செங்காந்தள் கிழங்கும் அரளியும் வெறும் விஷம். கருவுக்கென்று தனியாக வேலை செய்வதில்லை அவை, தாயைக் கொல்கிற அளவுக்குப் போனால்தான் கருவைக் கொல்லும். பப்பாளி, எள், அன்னாசி உயிரை எடுக்காது. ஆனால் அதை நம்பி உட்கார்ந்தால் அந்த 35 நாளில் பத்து நாள் போய்விடும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்ற பயம் முழுக்கப் பொய்யில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவு தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் குற்றவாளியாகத்தான் வைத்திருக்கிறது. அது மாற வேண்டும். ஆனால் ரத்தம் நிற்காத பெண்ணுக்குச் சிகிச்சை தர மறுக்க எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை. மாத்திரையால் அரைகுறையாகக் கலைந்ததற்கும், தானாக அரைகுறையாகக் கலைந்ததற்கும் சிகிச்சை ஒன்றேதான். எதையாவது உள்ளே செருகியிருந்தாலோ, கஷாயம் குடித்திருந்தாலோ மட்டும் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் குடலில் விழுந்த ஓட்டையை ஸ்கேனில் தேட மாட்டார்கள், விஷத்துக்கு வைத்தியம் செய்ய மாட்டார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் போக்சோ பயத்தால் வீட்டார் ஒளிக்கிறார்கள், வாரம் ஏறிக்கொண்டே போகிறது. மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளையும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் தர வேண்டியதில்லை என்று மேலே சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பக்கத்தைப் படியெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

தேனி மாவட்டத்தில் கருக்கலைப்பு என்றாலே பெண்சிசுக் கொலை, உசிலம்பட்டி என்று பேச்சு திரும்பிவிடும். பாலினம் பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் 1994 சட்டம் வேறு, இது வேறு. ஏழு வார ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரியவே தெரியாது. ரெண்டையும் குழப்பி ஏழு வாரத்தில் வருகிற பெண்ணைத் திருப்பி அனுப்புகிற ஸ்கேன் சென்டர், எந்தச் சிசுவையும் காப்பாற்றவில்லை.

நாங்கள் கேட்பது பெரிய கட்டிடம் இல்லை. தேனியைத் தாண்டி க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரை போகச் சொல்லாமல், கம்பத்திலும் போடியிலும் மேலே நெடுங்கண்டத்திலும் ஊருக்கொரு எம்.வி.ஏ. சிரிஞ்சு, அதில் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர். வாரத்தில் ரெண்டு நாள், ஜீப்புகள் இறங்குகிற ஆறு மணிக்குத் திறந்து எட்டு மணி வரை இருக்கிற மகப்பேறு ஓ.பி., அன்றைக்கே ஸ்கேன். ஜீப் ஸ்டாண்டுச் சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு போர்டு: கணவர் கையெழுத்து தேவையில்லை, ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056. அது வரும்வரை, தீட்டு ஒரு வாரம் தள்ளினாலே காலை முதல் சிறுநீரில் சோதனை செய்து பாருங்கள். கடைசியாகத் தீட்டு வந்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.